காதில் ஒரே ஒலி, எழுத்தில் ஐந்து: ஆங்கிலச் சொல்லைக் கேட்டு எழுதும்போது எந்த உயிரெழுத்து?

#1 கேட்டெழுதி

வணக்கம். ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். வேகம் வந்துவிட்டது. மெய்யெழுத்துகளில் தடுமாற்றம் இல்லை. உயிரெழுத்துகளில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு நிறுவனத்தின் தேர்வு எழுதினேன். எழுத்துப்பிழையைக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடப் பேச்சை ஓடவிட்டார்கள். தேறவில்லை. எங்கே தவறு என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நினைவில் நின்ற சொற்களை அகராதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். செபரேட், டெஃபினிட், கிராமர், காலண்டர், ரெலவன்ட், எக்ஸிஸ்டென்ஸ். ஆறிலும் பிழை ஒரே ஓர் எழுத்து. ஆறிலும் அது உயிரெழுத்து.

(குழப்பம் வராமலிருக்க, ஆங்கில எழுத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுகிறேன்: 'ஏ', 'ஈ', 'ஐ', 'ஓ', 'யூ'. குறி இல்லாமல் வந்தால் அது தமிழ் ஒலி. பதில் எழுதுகிறவர்களும் இப்படியே எழுதினால் உதவியாக இருக்கும்.)

செபரேட் என்ற சொல்லைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு இருபது தடவை கேட்டேன். நடுவில் இருப்பது 'ஏ'வா 'ஈ'யா என்று காது சொல்லவே இல்லை. இன்னும் நிறையக் கேட்டால் பழகிவிடுமா? வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

#2 ஒலியன்

எவ்வளவு கேட்டாலும் பழகாது. உங்கள் காதில் குறை இல்லை. நீங்கள் தேடும் வேறுபாடு அந்த ஒலியில் இல்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் உயிரெழுத்து 5. பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ 20. அவற்றில் மிக அதிகமாகப் புழங்கும் ஒலிக்குச் சொந்தமாக ஓர் எழுத்தே கிடையாது. அதன் பெயர் ஷ்வா. எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த சொல் அது. உதட்டைக் குவிக்காமல், நாக்கைத் தூக்காமல், வாயைச் சற்றே திறந்து விட்டால் வரும் சோம்பலான ஒலி. அழுத்தம் இல்லாத அசையில் எந்த உயிரெழுத்து இருந்தாலும் அது இந்த ஒலியாகத் தேய்ந்துவிடலாம். அபவுட் என்பதில் அது 'ஏ', டேக்கன் என்பதில் 'ஈ', பென்சில் என்பதில் 'ஐ', லெமன் என்பதில் 'ஓ', சர்க்கஸ் என்பதில் 'யூ'. ஆங்கிலேயர் வாயில் இந்த ஐந்து இடத்திலும் வருவது ஒரே ஒலி.

செபரேட் இன்னும் மோசம். 'தனியான' என்ற பொருளில் வரும்போது பலர் அந்த நடு உயிரை அடியோடு விழுங்கி 'செப்ரட்' என்றே சொல்கிறார்கள். சொல்லாத ஒலியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு என்ன பயன்?

உயிர் குறுகுவது நமக்குப் புதிதல்ல. குற்றியலுகரத்தில் ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிறது. ஐகாரக் குறுக்கம், ஔகாரக் குறுக்கம் என்று பெயர் வைத்துப் படித்திருக்கிறோம். ஆனால் நம்மிடம் உகரம் குறுகினாலும் அது உகரம்தான் என்று தெரியும். ஆங்கிலத்தில் ஐந்தும் குறுகி ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. அதுதான் சிக்கல்.

#3 சாக்பீஸ்

ஒலியன் சொன்னது முற்றிலும் சரி. வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. நான் 28 வருடம் ஆங்கில வகுப்பு எடுத்தவள். இதை முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

காது கேட்காத இடத்தில் சொல்லின் உறவுக்காரரைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு விகுதி சேரும்போது அழுத்தம் பல சமயம் இடம் மாறும். அழுத்தம் விழுந்த அசையில் உயிர் தேயாது, தன் முழு ஒலியோடு வெளியே வரும். கிராமர் என்பதில் கடைசி உயிர் தெரியவில்லையா? கிராமேட்டிக்கல் என்று சொல்லிப் பாருங்கள். 'மே' என்று பளிச்சென்று கேட்கிறதே, அதுதான் 'ஏ'. டெஃபினிட் சந்தேகமா? டெஃபினிஷன். 'னி' மேல் அழுத்தம் விழுகிறது, அது 'ஐ'. அங்கே 'ஏ' போட்டு எழுதுபவர்களை எண்ணி மாளாது. டெஃபினிஷன் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டால் அந்தப் பிழை பிறகு வராது.

ஆதர் என்று கேட்கிறது, முடிவில் 'ஈ'யா 'ஓ'வா? ஆத்தாரிட்டி, 'ஓ'. சிமிலர்? சிமிலாரிட்டி, 'ஏ'. ரெகுலர், பாப்புலர் எல்லாம் இதே வகை, 'இட்டி' சேர்த்தால் 'ஏ' எழுந்து நிற்கும். காம்பெட்டிஷன் என்பதன் இரண்டாவது உயிர்? காம்ப்பீட், 'ஈ'. ரெலட்டிவ்? ரிலேஷன், 'ஏ'.

எக்ஸிஸ்டென்ஸ் உங்கள் பட்டியலில் இருந்தது. எக்ஸிஸ்டென்ஷியல் என்று நீட்டுங்கள். 'டென்' என்று தெளிவாகக் கேட்கும், 'ஈ'. ரெசிடென்ஷியல், டிஃபரென்ஷியல், கான்ஃபிடென்ஷியல் எல்லாம் இப்படித்தான். மறுபக்கம் சப்ஸ்டான்ஷியல், சர்க்கம்ஸ்டான்ஷியல் என்று வந்தால் 'ஏ'.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மாணவர்கள் ஒரு சொல்லின் எழுத்தைத் தேடப் போய் நாலு சொல்லைப் பொருளோடு கற்றுக்கொண்டு வருவார்கள். மனப்பாடப் பட்டியலில் அது நடக்காது.

#4 கேட்டெழுதி

நன்றி அம்மா. நேற்றிரவு முழுவதும் இதையே செய்துகொண்டிருந்தேன். டெமாக்ரசி என்பதற்கு டெமாக்ரேட்டிக், எக்கானமி என்பதற்கு எக்கனாமிக் என்று நானே இரண்டு கண்டுபிடித்தேன். ஆனால் செபரேட் இன்னும் மசியவில்லை. செபரேஷன் என்றாலும் அந்த நடு அசையில் அழுத்தம் விழவில்லையே. காலண்டரும் அப்படியே. இவற்றுக்கு உறவுக்காரரே இல்லையா?

#5 வேர்க்காரன்

இருக்கிறார்கள். தூரத்து உறவு, அவ்வளவுதான். செபரேட் என்பதன் நடுவில் இருப்பது 'தயார் செய்தல், ஒழுங்குபடுத்தல்' என்று பொருள்படும் பராரே என்ற லத்தீன் வினை. அதே வினையிலிருந்து வந்த இன்னொரு சொல் ப்ரிப்பேர். ப்ரிப்பேர் என்பதில் 'ஏ' நன்றாகக் கேட்கிறது. அதே 'ஏ'தான் செபரேட்டின் நடுவிலும்.

டெஸ்பரேட் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 'நம்பு' என்று பொருள்படும் ஸ்பெராரே என்ற வினையிலிருந்து வந்தது. அதனால் அதன் நடுவில் 'ஈ'. காதுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், பிறந்த வீடு வேறு வேறு.

காலண்டர் லத்தீனில் கலண்டாரியும். அந்த 'ஏ' அப்படியே தங்கிவிட்டது. காலண்டேரியம் என்று மனதுக்குள் நீட்டிப் பார்த்தால் போதும். ரெலவன்ட் என்பதற்கு எலிவேட், எலிவேஷன் உறவு, இரண்டுமே 'தூக்கு' என்ற லத்தீன் வினைவழி. எலிவேஷனில் கேட்கும் அந்த 'ஏ' ரெலவன்ட்டிலும் உண்டு.

அமெரிக்காவில் 1925இல் தொடங்கிய தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் பிள்ளைகள் "இது எந்த மொழியிலிருந்து வந்த சொல்?" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரத்தை ஓட்டுவதற்காகக் கேட்பதல்ல அது. ஷ்வா இருக்கும் இடத்தில் எந்த எழுத்து என்பதற்குப் பிறப்பிடம்தான் பெரிய துப்பு.

#6 இலைமறை

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது லத்தீன் வினையை யார் தேடுவது? எனக்கு இதில் வேறு கருத்து.

நாம் தமிழில் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். பேசும்போது எலை என்கிறோம், எழுதும்போது இலை. எடம் என்கிறோம், இடம் என்று எழுதுகிறோம். ஒலகம், உலகம். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடுகிறது. ஆனால் எலி என்பதில் இருப்பது உண்மையான எகரம். ஒரு குழந்தையின் காதில் எலையும் எலியும் ஒரே உயிரில்தான் தொடங்குகின்றன. அது எப்படி ஒன்றை 'இ' என்றும் மற்றதை 'எ' என்றும் எழுதக் கற்றுக்கொள்கிறது? வேரைத் தேடியா? இல்லை. பார்த்துப் பார்த்துத்தான். இலை என்று நூறு முறை கண்ணில் பட்டபின் கை தானாக அதை எழுதுகிறது.

ஆங்கிலத்துக்கும் அதுவே வழி. நிறையப் படிக்க வேண்டும். அதோடு எழுதும்போது மட்டும் மனதுக்குள் எழுத்துக்கூட்டி ஓர் உச்சரிப்பு வைத்துக்கொள்ளலாம். செ-பா-ரேட். வெட்-நெஸ்-டே. நான் இப்படித்தான் எழுதுகிறேன், பிழை வருவதில்லை.

#7 சாக்பீஸ்

இலை, எலி உதாரணம் அருமை. இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆனால் செ-பா-ரேட் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. மனதுக்குள் சொல்வது கொஞ்ச நாளில் வாய்க்கு வந்துவிடுகிறது. எழுத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களின் ஆங்கிலத்தில் எல்லா அசையும் ஒரே அழுத்தத்தில் வரும். கேட்பவர்கள் சொல்லைப் பிடிக்கவே சிரமப்படுவார்கள். அப்படிப் பேசிப் பழகியவர், வேறொருவர் இயல்பாகப் பேசும்போது அந்தச் சொல்லை அடையாளம் காணவும் திணறுவார். கேட்டு எழுதும் வேலைக்கு அது நல்லதல்ல.

#8 இலைமறை

அதை ஒத்துக்கொள்கிறேன். அடம்பிடிக்கும் பத்து இருபது சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் வேண்டாம். படிப்பது முக்கியம் என்பதில் மாற்றமில்லை.

#9 குறில்நெடில்

ஷ்வா பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ்க் காதுக்கு இன்னொரு பெரிய தொல்லை இருக்கிறது. அழுத்தம் விழுந்து தெளிவாகக் கேட்கும் உயிரையே நாம் தவறாகப் பிடிக்கிறோம். ஏனென்றால் அந்தச் சொற்கள் ஏற்கெனவே தமிழ் எழுத்தில் நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

டாக்டர், காலேஜ், பாக்ஸ், பாட்டில், ஆபீஸ், காபி, ஹாஸ்டல். எல்லாவற்றையும் நாம் ஆ போட்டு எழுதுகிறோம். ஆ என்றதும் கை 'ஏ' எழுதப் போகிறது. ஆனால் இவை அத்தனையும் 'ஓ'. அந்த ஆங்கில ஒலி நம் ஒகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே நிற்பது. நமக்கு அந்த இடத்தில் எழுத்து இல்லாததால் ஆ என்று எடுத்துக்கொண்டோம். எனவே ஆ குறுகலாக ஒலித்து, பின்னால் 'ஆர்' இல்லையென்றால் 'ஓ' என்று வைத்துக்கொள்ளுங்கள். கார், பார்க் மாதிரி நீண்டு, 'ஆர்' இருந்தால் 'ஏ'.

இதற்கு ஒரு விலக்கு, ஆனால் விலக்கும் ஒழுங்கானது. முன்னால் 'டபிள்யூ' ஒலி இருந்தால் அதே ஆ ஒலிக்கு 'ஏ' எழுத வேண்டும். வாட்ச், வாஷ், வான்ட், ஸ்வான். 'க்யூ-யூ' எழுத்துகளும் அந்த ஒலியைத் தருவதால் க்வாலிட்டியிலும் 'ஏ'தான். இவையெல்லாம் ஒரு காலத்தில் வேறு ஒலியோடு இருந்தவை. 'டபிள்யூ'வுக்கு உதடு குவிகிறதே, அந்தக் குவிதல் பின்னால் வந்த உயிரையும் இழுத்துக்கொண்டது. எழுத்து பழையபடியே நின்றுவிட்டது. 'ஆர்' சேர்ந்தாலும் இந்த 'டபிள்யூ' தன் வேலையைக் காட்டும். வார், வார்ம் என்று கேட்டால் 'ஏ-ஆர்'. வொர்க், வேர்ட், வேர்ல்ட், வொர்ஸ் என்று கேட்டால் 'ஓ-ஆர்'. பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் நம்பி எழுதலாம்.

அடுத்து, நம் அகரம் மாதிரி கேட்டால் பெரும்பாலும் 'யூ'. பஸ், கப், கட், லக். ஆனால் சன் (மகன்), லவ், கம், வண்டர் எல்லாம் 'ஓ'. பழைய ஆங்கிலத்தில் இவை 'யூ'வோடுதான் எழுதப்பட்டன. பிறகு ஏன் மாறின என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம், கையெழுத்துப் படிகள். அந்தக் கால எழுத்துமுறையில் 'யூ', 'என்', 'எம்', 'வீ' எல்லாமே ஒரே மாதிரி நெட்டுக் கோடுகள். அடுத்தடுத்து வந்தால் படிக்க முடியாது. அதனால் எழுதுவோர் அங்கே 'யூ'வுக்குப் பதில் 'ஓ' போட்டார்கள். ஆகவே அகரம் கேட்டு, பக்கத்தில் 'எம்', 'என்', 'வீ' ஒலி இருந்தால் 'ஓ'வாக இருக்குமோ என்று ஒரு நொடி யோசியுங்கள். சன் (சூரியன்) 'யூ'தான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டும் எழுத முடியாது.

எ ஒலிக்கு 'ஈ'. பென், டெஸ்க், ரெட். ஆனால் ஹெல்த் என்பதில் 'ஈ'க்குப் பின் 'ஏ'வும் வருகிறது. ஏன்? ஹீல் என்ற சொல் அதற்குள் இருக்கிறது. ப்ளெஷர் என்பதற்குள் ப்ளீஸ். மீன் (பொருள்படு) என்ற ஆங்கில வினையின் இறந்தகாலத்திலும் அப்படியே. சாக்பீஸ் அம்மா சொன்ன உறவுமுறை இங்கேயும் வேலை செய்கிறது.

#10 கேட்டெழுதி

இதைப் படித்ததும் என் பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 'டபிள்யூ'வுக்குப் பிறகு வரும் பிழை மட்டும் பதினான்கு!

ஒன்று மிச்சம். 'ஏபிள்', 'ஐபிள்' விகுதி. 'ஆன்ட்', 'என்ட்' விகுதி. எல்லாமே ஷ்வா. எப்படிப் பிரிப்பது?

#11 சாக்பீஸ்

இரண்டுக்கும் ஒரே சாவி இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. சொல்லுக்கு 'ஏஷன்' என்று முடியும் உறவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'ஏ'. அப்ளிக்கேஷன் இருக்கிறது, எனவே அப்ளிக்கபிள், அப்ளிக்கன்ட் இரண்டிலும் 'ஏ'. டாலரேஷன், எனவே டாலரபிள், டாலரன்ட். கன்சல்டேஷன், கன்சல்டன்ட். அப்சர்வேஷன், அப்சர்வன்ட். இரிட்டேஷன், இரிட்டபிள். லத்தீனில் ஒரு வகை வினைகளுக்கு 'ஏ' அடையாள உயிர், மற்றவற்றுக்கு 'ஈ'யோ 'ஐ'யோ. அந்தப் பிரிவுதான் இரண்டாயிரம் வருடம் கழித்து நம் எழுத்துப்பிழையாக வந்து நிற்கிறது.

'ஏஷன்' இல்லாமல் வெறும் 'ஷன்' அல்லது 'ஜன்' வந்தால் 'ஐபிள்' பக்கம் சாயுங்கள். விஷன், விசிபிள். பெர்மிஷன், பெர்மிசிபிள். டிவிஷன், டிவிசிபிள். ஆனால் முழு ஆங்கிலச் சொல்லோடு ஒட்டினால் பெரும்பாலும் 'ஏபிள்'. ரீட், வாஷ், ப்ரிடிக்ட் எல்லாம் அப்படி.

சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சென்சேஷன் இருந்தும் சென்சிபிள் 'ஐ'தான். ரெசிஸ்டன்ஸ் 'ஏ', எக்ஸிஸ்டென்ஸ் 'ஈ', இரண்டும் ஒரே லத்தீன் வேர். பிரெஞ்சு வாயில் இந்த விகுதி எல்லா வினைகளுக்கும் 'ஏ'வாக ஆகிவிட்டது. அந்த உருவத்தோடு ஆங்கிலத்துக்குள் வந்தவை 'ஏ'வோடு நின்றன, லத்தீன் உருவத்தைக் காத்தவை 'ஈ'யோடு. டிபென்டன்ட் என்ற ஒரே சொல்லைப் பிரிட்டிஷ் முறையில் பெயரடைக்கு 'ஈ' போட்டும், ஒருவரைச் சார்ந்து வாழும் ஆளைக் குறிக்க 'ஏ' போட்டும் எழுதுவார்கள். இந்த மாதிரிச் சொற்களுக்கு இலைமறை சொன்ன வழிதான். பார்த்துப் பழக வேண்டும்.

#12 ஒலியன்

கணினியை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1966இல் ஸ்டான்ஃபோர்டின் பால் ஹன்னாவும் குழுவினரும் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள விதிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்து 17,000க்கும் மேற்பட்ட சொற்களை எழுதச் சொன்னார்கள். ஏறத்தாழப் பாதிச் சொற்கள் முழுக்கச் சரியாக வந்தன. அந்தக் கணினிக்கு ஒலி மட்டும்தான் தெரியும், கிராமர் என்பதற்குக் கிராமேட்டிக்கல் சொந்தம் என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

#13 நெட்டெழுத்து

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் ஒலிக்கேற்ற மாதிரி எழுத்தை மாற்றிவிடக் கூடாதா?

#14 வேர்க்காரன்

யார் வாயில் வரும் ஒலிக்கேற்ப? ஹெர், பேர்ட், டேர்ன் மூன்றும் லண்டன்காரருக்கு ஒரே உயிர். ஸ்காட்லாந்தில் சிலர் இன்றும் இவற்றைப் பிரித்துச் சொல்கிறார்கள். கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தது 1476. நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. எழுத்து அச்சில் உறைந்தது, ஒலி நிற்கவில்லை. மாற்றினால் இன்னொரு இழப்பும் உண்டு. கிராமரையும் கிராமேட்டிக்கலையும் ஒலிப்படி எழுதினால் அவை சொந்தம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

#15 கேட்டெழுதி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அகரவரிசையில் வைத்திருந்த சொற்பட்டியலைக் கிழித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். உறவே கிடைக்காத சொற்கள் கடைசிப் பக்கத்தில். இப்போது அங்கே 31 சொற்கள் இருக்கின்றன, தினமும் காலையில் அவற்றை ஒரு முறை பார்த்து எழுதுகிறேன். பத்து நிமிட ஒலிப்பதிவுக்கு முன்பு பன்னிரண்டு, பதின்மூன்று உயிரெழுத்துப் பிழை வரும். நேற்று மூன்று.

ஒலிப்பதிவு ஓடும்போது யோசிக்க நேரமில்லை என்ற இலைமறையின் கவலை எனக்கும் இருந்தது. முதல் வாரம் அப்படித்தான். சந்தேகச் சொல்லில் ஒரு குறி போட்டுவிட்டு நகர்ந்து, முடிந்ததும் திரும்பி வந்து உறவைத் தேடினேன். இரண்டாவது வாரத்தில் குறிகள் பாதியாகிவிட்டன.

ஒரு சந்தேகம். ஆப்பரேட்டர், ட்ரான்ஸ்லேட்டர் போல 'ஏட்' வினையிலிருந்து வந்தவற்றுக்கு 'ஓ-ஆர்' என்று பிடித்துக்கொண்டேன். அட்வைசர் மட்டும் ஓரிடத்தில் 'ஈ', இன்னோரிடத்தில் 'ஓ' என்று பார்க்கிறேன். எது சரி?

#16 சாக்பீஸ்

இரண்டும் சரி. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. வேலை கொடுப்பவர் எதை விரும்புகிறார் என்று கேட்டு, அந்த வேலை முடியும் வரை அதையே எழுதுங்கள். அந்த 31 சொற்களை இங்கே போடுங்கள், நாலைந்துக்காவது உறவு கண்டுபிடித்துத் தருகிறேன்.